பூனைக்குட்டியும் ஓர் அமானிதம்

(ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியது. அகிலத்திற்கு ஓர் அருட்கொடையாக அனுப்பப்பட்ட நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் அல்லாஹ்வின் சாந்தியும் சமாதானமும் நிலவட்டுமாக!



நமது தெருக்களில் அடிக்கடி காணும் ஒரு காட்சியைப் பற்றி இன்று சிந்திப்போம். வீட்டுக் கொல்லையிலோ, பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்திலோ, மீன் வெட்டும் இடத்திலோ ஒரு பூனைக்குட்டி ஒடுங்கிக் கிடக்கும். இரு கண்களும் பீளை கட்டி மூடியிருக்கும். மூக்கு அடைத்து, வாயால் மூச்சு விடும். நாம் அருகில் சென்றால் எழுந்து ஓடத் தெம்பின்றி, இருந்த இடத்திலிருந்தே சீறும். சிறுவர்கள் அதன் மீது கல் எறிவார்கள். பெரியவர்களில் சிலர் அதைச் சாக்குப்பையில் போட்டு, ஊருக்கு வெளியே விட்டு வரச் சொல்வார்கள். வீட்டில் அசுத்தம் வேண்டாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இது மார்க்கம் சொல்லும் காரணம்தானா என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

மார்க்கம் காட்டிய வழி

அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதற்காக அவர்களின் மருமகள் கப்ஷா (ரலி) அவர்கள் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். அப்போது ஒரு பூனை வந்தது. அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்து, அது குடித்து முடிக்கும் வரை பிடித்துக் கொண்டிருந்தார்கள். மருமகள் வியப்புடன் பார்த்ததைக் கண்டு, பூனை அசுத்தமானது அல்ல என்றும், உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் அதுவும் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ, நஸயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஒளுச் செய்யும் தண்ணீரிலேயே வாய் வைக்கலாம் என்றால், வீட்டின் ஒரு மூலையில் படுக்க அதற்கு இடமில்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் நரகம் சென்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தச் செய்தியின் உட்பொருளைக் கூர்ந்து கவனித்தோமா? அப்பெண் பூனையைக் கட்டி வைத்தாள், உணவு தரவில்லை, பூமியில் உள்ளவற்றைத் தானே தேடி உண்ண அதை விடவும் இல்லை. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் அவள் தப்பியிருப்பாள். ஆக, ஓர் உயிரை நமது பிடிக்குள் கொண்டு வந்த மறுகணமே அதன் பசிக்கும் தாகத்திற்கும் நாம் பொறுப்பாளி ஆகிவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தமது ஆடையின் மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி, சட்டைக் கையை வெட்டினார்கள் என்றொரு கதை மக்களிடையே உலவுகிறது. ஹதீஸ் நூல்களில் அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமற்ற கதை நமக்குத் தேவையும் இல்லை. ஆதாரபூர்வமான செய்திகளே நமக்குப் போதுமானவை.

எடுப்பதற்கு முன் பொறுங்கள்

இரக்கம் என்றால் கண்டவுடன் தூக்கிக் கொண்டு வருவதல்ல. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வேதனைப்படுத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் தாயிடமே திருப்பி விடும்படி கட்டளையிட்டார்கள். (அபூதாவூத்)

தாய்ப்பூனை இரை தேடிப் பல மணி நேரம் வெளியே சென்றுவிடும். அந்நேரத்தில் குட்டிகள் தனியாகக் கிடப்பதைக் கண்டு அநாதைகள் என்று முடிவு செய்துவிடக் கூடாது. வயிறு நிரம்பி, உடல் சுத்தமாக, அமைதியாக உறங்கும் குட்டிக்குத் தாய் இருக்கிறாள் என்றே பொருள். ஒதுங்கி நின்று கவனியுங்கள். நெடுநேரமாகியும் தாய் வராமல், குட்டி அழுக்கேறி, மெலிந்து, குளிர்ந்து, விடாமல் கத்தினால் அல்லது கத்தவும் வலுவின்றிக் கிடந்தால், அப்போது கை நீட்டுங்கள். வெறுங்கையால் அல்ல, தடித்த துணியால் போர்த்தி எடுங்கள். பயந்த குட்டி கடிக்கும், பிராண்டும். அது அதன் குற்றமன்று. தற்காப்பிற்காக அல்லாஹ் அதற்குக் கொடுத்த கருவி அது.

பணிவிடையின் முறை

முதலில் சூடு, பிறகுதான் உணவு. இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள். உடல் குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது. அந்நிலையில் வாயில் பாலை ஊற்றினால் அது செரிக்காது. மூச்சுக் குழலுக்குள் இறங்கி உயிரையே பறித்துவிடும். ஒரு புட்டியில் வெந்நீர் நிரப்பி, துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்து கொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும்.

அடுத்து உணவு. பூனைக்குப் பால் என்பது நம் மனத்தில் ஊறிப்போன எண்ணம். ஆனால் பசும்பாலில் உள்ள சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். ஏற்கெனவே வாடிய குட்டிக்கு அதுவே எமனாகும். பல் முளைக்காத சிறு குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட பால்மாவு கடைகளில் கிடைக்கிறது. அதைக் கலக்கி, ஊசியை நீக்கிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாகக் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்தி வைத்துப் புகட்டக் கூடாது; குட்டி தாயிடம் பால் குடிப்பது போலக் குப்புறப் படுத்த நிலையில்தான் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் நிரம்பாத குட்டிக்குத் தானாகச் சிறுநீர், மலம் கழிக்கத் தெரியாது. தாய் நக்கித் தூண்டுவாள். தாயின் இடத்தில் நீங்கள் இருந்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்துவிட வேண்டும்.

ஐந்து, ஆறு வாரக் குட்டியானால் வேகவைத்து முள் நீக்கிய மீன், எலும்பு நீக்கிய கோழி இறைச்சி ஆகியவற்றை மசித்துக் கொடுக்கலாம். உப்பும் மசாலாவும் வேண்டாம். நம் வீட்டுக் குழம்பில் சேரும் வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதை அறிந்து கொள்ளுங்கள்.

கண் பீளை, தும்மல், மூக்கடைப்பு ஆகியவை பெரும்பாலும் பூனைகளுக்கிடையே பரவும் வைரஸ் சளிக் காய்ச்சலின் அடையாளங்கள். காய்ந்த பீளையைப் பிய்க்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, சற்று நேரம் ஒற்றி, ஊறிய பின் மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சு தேவை. மூக்கடைத்த பூனை உண்ண மறுப்பதற்குக் காரணம், அதற்கு மணம் தெரியாமல் போவதுதான். உணவை இலேசாகச் சூடாக்கினால் மணம் எழும். குட்டி முகர்ந்து உண்ணத் தொடங்கும். நாள்தோறும் சிறு தராசில் எடை பாருங்கள். நலமுள்ள குட்டி நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் வரை கூடும். எடை குறைந்தால், ஈறு வறண்டு வெளுத்தால், உணவைத் தொடவே மறுத்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

அறிவில்லாத இரக்கம்

இங்கே ஓர் எச்சரிக்கை. காய்ச்சல் என்றதும் வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டை உடைத்துக் கொடுப்போர் இருக்கிறார்கள். பூனையின் ஈரலுக்கு அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. மனிதனுக்கு நிவாரணமாகும் அந்தச் சிறு துண்டே பூனையைக் கொல்லப் போதுமானது. நாயின் உண்ணிக்காக விற்கப்படும் பெர்மெத்ரின் மருந்தும் பூனைக்கு நஞ்சு. மனிதர்களுக்கான ஸ்டீராய்டு கலந்த கண்சொட்டு மருந்து, புண்பட்ட கண்ணை முற்றிலும் பாழாக்கிவிடும். குட்டி இருக்கும் இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவுவதும் ஆபத்தே.

எண்ணம் தூய்மையாக இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். நிய்யத் நல்லதாக இருப்பது முதல் படி. அந்தச் செயலைச் செய்யும் முறையைக் கேட்டு அறிவது இரண்டாம் படி. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பது தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டும் உரிய ஒழுங்கு அல்லவே!

வீட்டாரின் நலனையும் மறந்துவிடக் கூடாது. தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சிறு குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் பூனையின் கழிவை அகற்றும் வேலையைச் செய்யாமல், வீட்டிலுள்ள மற்றவர் நாள்தோறும் அதை அகற்றிவிட வேண்டும். இவை பூனையை விரட்டச் சொல்லும் காரணங்கள் அல்ல. ஒழுங்காக வைத்துக் கொள்ளச் சொல்லும் காரணங்கள்.

நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

உடல் தேறுவது பாதி வேலைதான். மறுபாதி அதைவிடக் கடினமானது. நோய் நீங்கித் தெம்பு வந்ததும் அந்தக் குட்டி உங்களைக் கண்டு முன்னிலும் அதிகமாகச் சீறும்; கட்டிலுக்கடியில் ஒளியும். உயிர் காத்தவருக்கு இதுவா நன்றி என்று மனம் சலிக்கும். ஆனால் அதன் நிலையில் நின்று பாருங்கள். மனிதன் என்றால் கல், மனிதன் என்றால் உதை என்பதைத் தவிர வேறெதையும் அது கண்டதில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை முரண்டு பிடித்த ஒட்டகம் ஒன்றில் ஏறி, அதை அங்குமிங்கும் இழுத்தபோது, மென்மையைக் கடைப்பிடிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். (முஸ்லிம்) மற்றொரு சமயம், அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் அருகே சென்று அதன் காதுகளின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியடைந்தது. பிறகு அதன் உரிமையாளரை அழைத்து, அதைப் பசியில் வாட்டி, ஓயாமல் வேலை வாங்குவதைக் கண்டித்து, அல்லாஹ்வை அஞ்சும்படி கூறினார்கள். (அபூதாவூத்) கட்டளையும் கண்டிப்பும் மனிதனுக்கு; தடவலும் ஆறுதலும் விலங்குக்கு. இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக ஆக்கிக் கொண்டோம்.

குட்டிக்கு ஒரு சிறிய அறையும், அதில் ஒளிந்து கொள்ள ஒரு பெட்டியும், மணல் நிரப்பிய தட்டும் கொடுங்கள். நீங்கள் நின்றால் அதன் கண்ணுக்கு மலைபோலத் தெரிவீர்கள். ஆகவே தரையில் அமருங்கள். உற்றுப் பார்க்காதீர்கள், விலங்குகளிடத்தில் அது மிரட்டல். பார்வை சந்தித்தால் மெல்ல இமைகளை மூடித் திறந்து, முகத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள். இப்படி மெதுவாக இமைப்பவரிடம் பூனைகளும் திரும்ப இமைக்கின்றன என்பதையும், அவரிடம் நெருங்கி வர அதிகம் முனைகின்றன என்பதையும் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

உணவுத் தட்டை முதல் நாள் தூரத்தில் வைத்துவிட்டு விலகி அமருங்கள். நாள்தோறும் சாண் அளவு அருகே நகர்த்துங்கள். குறிப்பிட்ட நேரத்தில், அதே குரலில் பேசிக் கொண்டே உணவு கொடுங்கள். ஒருநாள் அது உங்கள் கையருகே வந்து உண்ணும். மற்றொரு நாள் விரலை முகரும். அப்போதும் பிடித்துவிட முயலாதீர்கள். அதுவாகவே கன்னத்தை உங்கள் விரலில் தேய்க்கும் வரை காத்திருங்கள். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரோடு பழகிய பூனை எளிதில் இணங்கும். அந்தப் பருவம் கடந்த குட்டிக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். தெருவிலேயே வளர்ந்து முதிர்ந்த பூனை மடியில் வந்து அமராமலே இருந்துவிடலாம். அதற்கும் உணவு வைத்துத் தூர நின்று பார்ப்பது இரக்கமே.

இன்னொன்று முக்கியம்: ஏமாற்றாதீர்கள். ஒரு தாய் தன் குழந்தையை ஏதோ தருவதாகச் சொல்லி அழைத்தபோது, என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் கொடுக்க எண்ணியதாக அப்பெண் சொன்னதும், எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஒரு பொய்யாக உன்மீது எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். (அபூதாவூத்) வெறுங்கையை மூடிக் காட்டிப் பூனையை அழைத்துப் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். பத்து நாள் சேர்த்த நம்பிக்கை ஒரு ஏமாற்றில் போய்விடும்.

பிழைக்காமல் போனால்?

எல்லாக் குட்டிகளும் பிழைப்பதில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்குமாய் வரும் பான்லுகோபீனியா என்னும் கொடிய வைரஸ் நோய், தடுப்பூசி போடாத குட்டிகளை விரைவில் கொண்டு போய்விடும். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நான்கு மாதம் நிறையும் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் தடுப்பூசி போட்டுக் காக்கலாம். தெருவில் பிறந்த குட்டிக்கு அந்த வாய்ப்பு கிட்டாமலே நோய் முந்திவிடுகிறது.

இரவெல்லாம் விழித்து, கையில் எடுத்துப் பார்த்த குட்டி காலையில் விறைத்துக் கிடந்தால், வீட்டுப் பிள்ளைகள் அழுவார்கள். அழ விடுங்கள். வெறும் பூனைதானே என்று சொல்லி அவர்களின் ஈரத்தைக் காய வைத்துவிடாதீர்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் நீர் முகந்து கொடுத்த மனிதரின் செயலை அல்லாஹ் ஏற்று அவரை மன்னித்தான் என்பதையும், உயிருள்ள எதற்கு உதவினாலும் நற்கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உயிரைக் கொடுப்பதும் எடுப்பதும் அவன் அதிகாரம். தண்ணீர் முகந்து கொடுப்பது நம் வேலை. நம் வேலையைப் பற்றித்தான் நம்மிடம் கேள்வி வரும்.

பிழைத்த பின் தொடங்கும் பொறுப்பு

பிழைத்துவிட்டால்? இங்கேதான் நம்மில் பலர் தவறுகிறோம். குட்டியாக இருந்தவரை பிள்ளைகளுக்கு விளையாட்டு. வளர்ந்து சோபாவைக் கீறத் தொடங்கியதும், அல்லது வயிற்றில் குட்டியுடன் வந்து நின்றதும், மீண்டும் அதே சாக்குப்பை! சிந்தித்துப் பாருங்கள். தெருவில் இருந்தபோது அதற்கு ஒரு கேடயம் இருந்தது. அந்தக் கேடயத்தின் பெயர் அச்சம். மனிதன் காலடி கேட்டதும் ஓடியது. அதனால் கல்லிலிருந்து தப்பியது. நீங்கள் பாடுபட்டு அந்த அச்சத்தை நீக்கினீர்கள். இப்போது அது எந்த மனிதனைக் கண்டாலும் வாலைத் தூக்கிக் கொண்டு அருகில் வரும். அதைக் கொண்டு போய் அறிமுகமற்ற சந்தையில் விட்டால், கேடயத்தைப் பறித்துக் கொண்டு போர்க்களத்தில் விட்டதாகத்தானே பொருள்?

நம்பச் செய்துவிட்டுக் கைவிடுவது, தொடக்கத்திலேயே விலகிச் செல்வதைவிடக் கொடியது. அமானிதம் என்பது பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொன்னும் பணமும் மட்டுமல்ல. ஒரு வாயில்லா ஜீவன் நம்மீது வைத்த நம்பிக்கையும் அமானிதமே. வளர்ப்பு விலங்கைப் பசியில் வாடும்படி கைவிடுவதை நாட்டின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது. சட்டத்தின் கண்ணுக்குத் தப்பலாம்; மறுமையின் விசாரணைக்குத் தப்ப முடியாது. வைத்துக் கொள்ள இயலாதவர்கள், அன்புடன் வளர்ப்பார் என்று தெரிந்த ஒருவரிடம் கையில் ஒப்படையுங்கள். குட்டிகள் பெருகும் என்ற அச்சம் இருந்தால், கருத்தடை அறுவை சிகிச்சை பற்றி ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கேளுங்கள். அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பூனைக்குத் தீங்கு நேராத வகையில், நன்மை கருதிச் செய்யலாம் என்போரும் உளர்.

நம் முன்னோர் இதைச் சிறு விஷயமாக எண்ணவில்லை. 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் ஒரு தோட்டத்தையே பூனைகளின் உணவுக்காக வக்ஃபு செய்தார் என்பதை, 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த எட்வர்ட் லேன் எழுதி வைத்துள்ளார். ஒரு மன்னர் தோட்டத்தைக் கொடுத்தார். நம்மிடம் கேட்கப்படுவது ஒரு பிடி மீனும், ஒரு கிண்ணம் தண்ணீரும், ஓர் அட்டைப் பெட்டியும், கொஞ்சம் பொறுமையும்தான்.

அன்பிற்குரியவர்களே! கட்டிலுக்கடியில் ஒளிந்த குட்டியை வெளியே கொண்டு வரத் தரையில் அமர்ந்து காத்திருக்கக் கற்ற கை, மனிதர்களிடமும் அப்படியே நடந்து கொள்ளும். தந்தையின் காலடி கேட்டதும் அறைக்குள் ஒளியும் பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? புகுந்த வீட்டில் வாய் திறக்க அஞ்சும் மருமகள் இல்லையா? உறவினர் வீட்டில் ஒண்டியிருக்கும் அநாதைக் குழந்தை இல்லையா? அவர்களும் அடக்குமுறையால் நெருங்கி வரமாட்டார்கள். தாழ்ந்த குரலும், தவறாத சொல்லும், ஏமாற்றாத கையுமே அவர்களை நம்மிடம் கொண்டு வரும்.

இன்று வீடு திரும்பும்போது, வாசலில் ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். அதை நாள்தோறும் நிரப்பும் பொறுப்பை வீட்டிலுள்ள சின்னஞ்சிறு பிள்ளையிடம் கொடுங்கள்.

யா அல்லாஹ்! வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் எங்கள் உள்ளங்களை மென்மையாக்குவாயாக! அறிந்து இரக்கம் காட்டவும், காட்டிய இரக்கத்தில் நிலைத்திருக்கவும், எங்களை நம்பியவர்களைக் கைவிடாதிருக்கவும் அருள்புரிவாயாக! ஆமீன்.